'கொலையுதிர் காலம்' வழியாகத் தமிழ் படிக்கலாம்: பெங்களூர் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிலர் கூடித் தமிழ்க் கதை படிக்கிறோம். பெரும்பாலும் பிள்ளைகள். கூடவே, பள்ளியில் தமிழ் எடுக்காமலே வளர்ந்துவிட்ட அவர்களின் அப்பா அம்மாக்கள். இப்போது கையில் இருப்பது சுஜாதாவின் கணேஷ்–வசந்த் வரிசையில் வந்த 'கொலையுதிர் காலம்'. அந்த நாவலைப் பற்றியும், மர்மக் கதையை வைத்துக்கொண்டு தமிழ் படிப்பதைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவை எந்த இடத்திலும் சொல்லவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

கணேஷ், வசந்த் என்பவர்கள் யார்?

இரண்டு வக்கீல்கள். சென்னை ஹைகோர்ட்டுக்குப் பக்கத்தில் தம்பு செட்டித் தெருவில் ஆபீஸ். கணேஷ் சீனியர். அளந்து பேசுவார், நிதானமாக யோசிப்பார். வசந்த் ஜூனியர். வாய் மூடமாட்டான், துருதுருவென்று அலைந்து தகவல் கொண்டுவருவான், கணேஷை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவான். மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் என்று ஒன்றை அவன் பல கதைகளில் ஆரம்பிப்பான்; ஒரு கதையிலும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. வாசகர்கள் வருஷக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கணேஷ் முதலில் வந்தது 1968-ல், குமுதத்தில் வெளியான 'நைலான் கயிறு' தொடரில். அப்போது தனி ஆள். வசந்த் பிறகுதான் வந்து சேர்ந்தான். அதன்பின் இருவரையும் பிரிக்க முடியவில்லை. நாவல், குறுநாவல், சிறுகதை என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய ஜோடி இது.

'கொலையுதிர் காலம்' எதைப் பற்றியது? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

லீனா என்ற இளம்பெண்ணுக்கு வர வேண்டிய பெரிய சொத்து. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பா குமாரவியாசன். ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு. ராத்திரியில் அங்கே நடமாடுகிற ஏதோ ஒன்று. சொத்து விவகாரமாகப் போன வக்கீல்கள் இருவரும் கண்ணால் பார்த்ததை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறுகிறார்கள். பேயாக இருக்கலாமே என்று வசந்தின் மனசு சாய்கிறது. கணேஷ் விஞ்ஞானத்தில் காரணம் தேடுகிறார். இந்த இழுபறிதான் நாவலைக் கடைசிவரை கொண்டுபோகிறது. 1981-ல் குமுதத்தில் தொடர்கதையாக வந்தது.

இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? என் மகள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இலையுதிர் காலம் என்ற சொல் தெரிந்தால் இது உடனே புரியும். மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் அது. அந்த 'இலை'யை எடுத்துவிட்டு 'கொலை'யை வைத்திருக்கிறார். இலை மாதிரிக் கொலைகள் உதிரும் காலம்.

எங்கள் அறையில் இதை விளக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். 'உதிர்' என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 'விழு' தெரியும், 'கொட்டு' தெரியும். அப்புறம் ஒரு பையனே சொன்னான்: பாட்டி தலை வாரும்போது 'முடி உதிருது' என்பாளே, அதுவா? அதேதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கப்பன் பார்க் பக்கம் தபேபுயா பூக்கள் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து, 'பூவுதிர் காலம்' என்று ஒரு பெண் சொன்னதாக அவள் அம்மா போனில் சொன்னார். ஒரு சொல் பிள்ளைக்குச் சொந்தமாவது அப்படித்தான்.

வரிசைப்படி முதல் கதையிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு கதையும் தனியாக நிற்கும். கணேஷுக்கும் வசந்துக்கும் பெரிதாக வயசும் ஆவதில்லை, போன கதையில் நடந்தது தெரியாவிட்டாலும் இந்தக் கதை புரியும். ஆரம்பிக்க 'கொலையுதிர் காலம்'தான் சரி என்பது என் கருத்து. பயம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, நீதிமன்ற விவகாரம் அளவாக இருக்கிறது. 'நைலான் கயிறு' எழுதிய விதத்தில் புதுமையானது, ஆனால் இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிறவருக்கு அது கொஞ்சம் சுற்றலாக இருக்கும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பெரியவர்கள் 'ஆ..!'விலிருந்தும் தொடங்கலாம். மண்டைக்குள் குரல் கேட்கிற ஓர் இளைஞனின் கதை. 1992-ல் ஆனந்த விகடனில் வந்தபோது ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ' என்ற சத்தத்தில் முடியும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வீட்டுக்கு வருகிறவர்கள் பகலில் படிக்கவும்.

என் பையனுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். படிக்க வராது. அவனால் முடியுமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி. வீட்டில் நாள் முழுக்கத் தமிழ். மூன்று எழுத்து முறைகள் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டு மொழியின் எழுத்து தெரியாது. போன வருஷக் கோடை விடுமுறையில் உயிரெழுத்து, மெய்யெழுத்து அட்டை வாங்கிச் சுவரில் ஒட்டினோம். மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் நான் 'கொலையுதிர் காலம்' முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்து, சரியான இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் அவன் எழுத்து அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு அடுத்த பக்கத்தை உடைத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. எழுந்திருக்கவில்லை.

அவன் முதலில் முட்டிக்கொண்டது எங்கே தெரியுமா? கதாநாயகனின் பேரில். கன்னடத்தில் 'க' ஓசைக்குத் தனி எழுத்து, 'கணபதி'யில் நாம் உச்சரிக்கிற அழுத்தமான ஓசைக்கு வேறு தனி எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'. அதனால் 'கணேஷ்' என்பதைக் 'கடல்' என்பதன் முதல் எழுத்து மாதிரியே படித்தான். பிள்ளையார் பேர்டா என்று சொன்ன பிறகுதான் பிடிபட்டது. 'பாஸ்' இன்னும் கஷ்டம். பரீட்சையில் பாஸ் என்று படித்துவிட்டு, வசந்த் எதற்காக வரிக்கு வரி பரீட்சையைப் பற்றிப் பேசுகிறான் என்று கேட்டான்.

கன்னடம் படித்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தமிழ்ச் சொற்களில் ஓசை இடத்தைப் பொறுத்தது. சொல்லின் முதலிலும், 'பக்கம்' மாதிரி இரட்டிக்கும்போதும் 'க' வல்லோசை. 'சங்கு', 'தங்கம்' மாதிரி மெல்லின மெய்க்குப் பின்னால் வந்தால் குரல் இறங்கும். 'பகல்', 'முகம்' மாதிரி இரண்டு உயிரோசைக்கு நடுவில் வந்தால் இன்னும் மெலியும். ட, த, ப எழுத்துகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. வெளியிலிருந்து வந்த பேர்களும் சொற்களும்தான் இந்தக் கணக்கை மீறும். அவற்றைப் பிள்ளை ஏற்கெனவே காதால் கேட்டிருப்பான். எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஓசையைக் காதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இருக்கும் பெரிய பலமே அந்தக் காதுதான். சுஜாதாவின் உரையாடல்கள் வீட்டில் பேசுகிற வேகத்தில் இருப்பதால் அந்தக் காது உடனே வேலை செய்கிறது.

பாடப்புத்தகத்தில் ஒரு வரி புரியாவிட்டால் பிள்ளை மூடிவிடுவான். கதவுக்குப் பின்னால் என்ன நின்றது என்று தெரியாமல் மூட மாட்டான்.

பழைய புத்தகத்தில் 'லை' என்ற எழுத்து வேறு மாதிரி இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. முன்பு லை, னை, ணை, ளை எழுத்துகளுக்குத் தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். றா, னா, ணா எழுத்துகளும் கால் சுழித்து வேறு வடிவில் இருந்தன. பெரியார் பல வருஷம் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளை ஏற்றுத் தமிழக அரசு 1978-ல் ஆணை போட்டது. அதற்கு முன் அச்சான நாவல்களில் பழைய வடிவம்தான் இருக்கும். பிறகும் சில காலம் சில இடங்களில் நீடித்தது. தாத்தா அலமாரியிலிருந்து எடுத்த புத்தகம் என்றால் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எத்தனை நாளில் முடிக்கலாம்?

பழகிய வாசகர் ஒரே ராத்திரியில் முடித்துவிடுவார். ஆனால் சேர்ந்து படிக்கிறவர்கள் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அத்தியாயம் படியுங்கள். இது வாரத் தொடராக எழுதப்பட்ட கதை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் கடைக்கு ஓட வைக்கிற இடத்தில் நிற்கும். ஒரே மூச்சில் படித்தால் அந்த நிறுத்தங்கள் கண்ணில் படாமல் போய்விடும். வாரத்துக்கு ஒன்றாகப் படித்தால், திங்களிலிருந்து சனி வரை வீட்டில் அதே பேச்சு நடக்கும். சாம்பாருக்குப் பருப்பு வேகும்போது, ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது, யார் செய்திருப்பார்கள் என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். வாதாடுவது தமிழில் நடக்கும்.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுப் படித்தால் என்ன? எனக்கு டென்ஷன் தாங்காது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஜலஹள்ளியில் எச்.எம்.டி. வேலை. குடியிருந்தது ஸ்ரீராமபுரத்தில். வாரா வாரம் குமுதம் வீட்டுக்கு வரும். அம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிளேடால் சீராக அறுத்தெடுத்து, சேர்த்துவைத்து, தொடர் முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுப்பாள். காலிகோ முதுகு, மார்பிள் அட்டை, உள்ளே ஜெயராஜ் வரைந்த படங்களோடு கதை. பக்கத்தின் பின்புறத்தில் பாதியில் அறுபட்ட சினிமாத் துணுக்கு, பல்பொடி விளம்பரம்.

'கொலையுதிர் காலம்' பைண்டிங்கில் கடைசி அத்தியாயம் கிடையாது. அந்த வார இதழை அம்மா படித்து முடித்ததும் எதிர்வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு போனார். அந்த மாசமே வீடு மாற்றிப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது படிக்கிற வயசு இல்லை. நான் அந்தப் பைண்டிங்கை எடுத்துப் படித்தது பதினான்கு வயதில். கடைசிப் பக்கத்தில் கதை பாதியில் நிற்கிறது. அம்மாவிடம் ஓடினேன். முடிவு அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்றாள். அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன், பாத்திரம் தேய்த்துக் கொடுத்தேன். 'நீயே ஒரு நாள் படிச்சுக்கோ, நான் சொன்னா அது உன் கதையா இருக்காது' என்று முடித்துவிட்டாள்.

ஏழு வருஷம். முதல் சம்பளம் வாங்கி, சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது புத்தகம் வாங்கி, திரும்பி வரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். காட்பாடி தாண்டியது தெரியாது. அந்த ஏழு வருஷத்தில் நானே அந்தக் கதைக்கு எத்தனையோ முடிவுகள் யோசித்திருந்தேன். அவை எதையும் யாரும் எனக்குத் தந்திருக்க முடியாது.

டென்ஷன் தாங்காவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வாருங்கள். கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள்.

துப்புகளை எப்படிக் கவனிப்பது? நான் ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லை.

எங்கள் அறையில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அத்தியாயம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் யார் மேல் சந்தேகம் என்று எழுதி, தேதி போட்டு, உள்ளே போட வேண்டும். தமிழில் எழுத வேண்டும் என்பது ஒரே விதி. நான் சொன்ன அண்ணன் மகன் வாழ்க்கையில் முதன்முதலாகத் தமிழில் எழுதிய சொல் 'லீனா'. சுழி மாறி, கால் கோணி, எழுதியிருந்தான். நாவல் முடிந்த அன்று பாட்டிலைக் கவிழ்த்துச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பினோம். யார் எந்த வாரம் எதை நம்பினார்கள், எந்த வரியில் ஏமாந்தார்கள் என்று அப்போது தெரிந்தது.

நான் கவனிக்கச் சொல்வது இவற்றைத்தான். ஒரு நிகழ்ச்சியை யார் கண்ணால் பார்த்தார், யார் சொல்லக் கேட்டார் என்பதைப் பிரித்து வையுங்கள். மர்மக் கதையில் பாதி வித்தை அங்கேதான். தமிழில் இதற்கு நல்ல வசதி உண்டு: 'வந்தாராம்' என்ற ஒரு 'ஆம்' போதும், சொல்கிறவர் நேரில் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். 'வந்தார்' என்கிறவரையும் 'வந்தாராம்' என்கிறவரையும் ஒரே சாட்சியாக எண்ணாதீர்கள். அடுத்தது, மரியாதை. வாங்க, போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வா, போ என்று மாறினாலோ, அதற்கு நேர்மாறாக நடந்தாலோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது. சாதாரணப் பொருள் ஒன்றை எழுத்தாளர் இரண்டாம் முறை சொன்னால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். காரணம் இல்லாமல் சொல்ல மாட்டார்.

கண்டுபிடிக்காமல் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நான் கண்டுபிடித்த கதைகளைவிட என்னை ஏமாற்றிய கதைகள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்?

'கொலையுதிர் காலம்' பதின்மூன்று வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் முன்கூட்டியே படித்துவைத்திருந்தால். 'அனிதா இளம் மனைவி', 'நிர்வாண நகரம்' இரண்டும் பெரியவர்களுக்கு. பேயைக் கண்டால் தூங்காத பிள்ளைக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கலாம்.

வசந்த் பெண்களைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை. எனக்கும் இப்போது பிடிக்கவில்லை. பதினான்கு வயதில் சிரித்திருக்கிறேன். மகள் வளர்ந்த பிறகு அதே வரிகளைச் சத்தமாகப் படிக்க வாய் வரவில்லை. பெண்ணின் உடம்பை வர்ணித்துவிட்டு அப்புறம் அவள் பெயரைச் சொல்வது அந்தக் காலப் பத்திரிகைக் கதைகளில் சகஜமாக இருந்தது. சுஜாதாவும் அதைச் செய்திருக்கிறார். காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசில்லை. அந்த இடங்களை மறைக்கவும் மனசில்லை.

அந்த வரி வரும்போது நிறுத்துகிறோம். பிள்ளைகளையே கேட்கிறோம். ஒருமுறை பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, 'எல்லோரும் லீனாவோட சொத்தைப் பத்தியே பேசுறாங்களே, அவளுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?' என்றாள். அன்று மேற்கொண்டு படிக்கவில்லை, பேசினோம். கதையின் மீது எனக்குள்ள பிரியம் அதனால் குறையவில்லை.

கதையில் வரும் செக்‌ஷன் எண்கள் இன்றைக்கும் பொருந்துமா?

எண்கள் மாறிவிட்டன. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 இப்போது 103. பழைய கணேஷ்–வசந்த் கதைகளில் 302 என்று வந்தால் குழம்ப வேண்டாம்.

மாறாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் அதிகாரியிடம் 'நான்தான் செய்தேன்' என்று ஒருவர் ஒப்புக்கொண்டதைக் கோர்ட்டில் அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அப்படிச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 23-வது பிரிவும் அதையே சொல்கிறது. சினிமாவில் லாக்கப்பில் ஒப்புக்கொண்டதும் கதை முடிந்துவிடும். வக்கீல் கதையில் அங்கேதான் வேலை ஆரம்பம். ஜாமீன், வாய்தா, உயில், குறுக்கு விசாரணை போன்ற சொற்களுக்குப் பிள்ளைகள் நோட்டில் அர்த்தம் எழுதிக்கொள்வது நல்லது. பெங்களூரிலும் வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று எல்லோருக்கும் கோர்ட் பாஷை தேவைப்படத்தான் செய்கிறது.

டிரங்க் கால், தந்தி என்று வருகிறதே?

வெளியூருக்குப் போன் பேச எக்ஸ்சேஞ்சில் எண்ணைச் சொல்லிப் பதிந்துவிட்டு, அவர்கள் கூப்பிடும்வரை காத்திருப்பதுதான் டிரங்க் கால். மணிக்கணக்கில் ஆகும். தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. டி.என்.ஏ. சோதனையும் சிசிடிவி கேமராவும் இல்லாத உலகம் அது. ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரிய யாராவது நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். வசந்த் அவ்வளவு அலைவதற்குக் காரணம் அதுதான்.

சுஜாதாவுக்கும் பெங்களூருக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். அவர் இயற்பெயர் ரங்கராஜன். சுஜாதா என்பது மனைவியின் பெயர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்து, டெல்லியில் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தபிறகு, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பகலில் ஜலஹள்ளியில் எஞ்சினியர், வீட்டுக்கு வந்தால் எழுத்தாளர். 'கொலையுதிர் காலம்' வந்த வருஷங்களில் அவர் பெங்களூர்வாசி. சென்னைத் தெருக்களில் அலைந்த வசந்த் இங்கிருந்துதான் அலைந்தான். 2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா காலமானார்.

கன்னடம் காதில் விழுந்துகொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்து இவ்வளவு துள்ளலான தமிழ் எழுத முடியும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன்.

நயன்தாரா நடித்த 'கொலையுதிர் காலம்' பார்த்துவிட்டேன். அப்படியானால் கதை தெரிந்துவிட்டதா?

தெரியவில்லை. 2019-ல் வந்த அந்தப் படத்துக்கும் இந்த நாவலுக்கும் தலைப்பு மட்டும்தான் ஒன்று. நிம்மதியாகப் படிக்கலாம். கணேஷ் கதைகளில் 'காயத்ரி' 1977-லும் 'ப்ரியா' 1978-லும் படமாயின. ஜெய்சங்கர் கணேஷாக நடித்தது முன்னதில், ரஜினிகாந்த் நடித்தது பின்னதில். 'ப்ரியா' கன்னடத்திலும் எடுக்கப்பட்டது, அதனால் அந்தக் கதையைக் கன்னடத்தில் பார்த்த பழைய பெங்களூர்வாசிகள் உண்டு. 'ப்ரியா' நாவல் லண்டனில் நடக்கிறது, படம் சிங்கப்பூர் பக்கம் போய்விட்டது. படித்துவிட்டுப் பாருங்கள்.

பெங்களூரில் புத்தகம் எங்கே கிடைக்கும்?

அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது; முதலில் அங்கே விசாரியுங்கள். 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலையும் அதே வட்டாரம்தான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல சாக்கு. விலைக்கு வாங்க ஆன்லைன் கடைகள் எளிது. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் நாவல் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிற உறவினர் கையில் ஒரு பட்டியல் கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம்.

புதிதாக எழுத்துக்கூட்டுகிறவர்களுக்கு மின்னூல் நல்லது. எழுத்தைப் பெரிதாக்கலாம், மெட்ரோவில் நின்றுகொண்டே படிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. அதைப் படிக்கலாமா?

வேண்டாம். திருட்டுப் பிரதி. காப்புரிமை அவர் குடும்பத்துக்கு உரியது. ஒரு பிரியாணி விலைகூட ஆகாது, வாங்கிப் படியுங்கள்.

இதெல்லாம் இலக்கியமா?

நடுராத்திரியில் விளக்கை அணைக்க விடாத வாக்கியங்களை எழுதுவது சின்ன வேலை இல்லை. தேவையில்லாத ஒரு சொல்லைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை. ஆள் படியில் இறங்குவதைக் காட்ட எழுத்துகளையே படிப்படியாக இறக்கி அச்சிட வைத்தவர். நான் அவரிடமிருந்து வாசிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு வேறு எல்லோரையும் படித்தேன்.

முடித்துவிட்டோம். அடுத்து?

கணேஷ்–வசந்த் இன்னும் வேண்டுமென்றால் 'ஆ..!'. சரித்திரத்தில் ஆசை இருந்தால் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'. ராஜராஜன் காலத்தில் வசந்தகுமாரன் என்று ஒருவன், கூடவே கணேச பட்டர். அந்தத் தமிழ் கொஞ்சம் கடினம், அவசரப்பட வேண்டாம்.

வேறு ஜோடிகளைப் பழக வேண்டுமென்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா. சின்னப் பிள்ளைகளுக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு' கொடுங்கள். அசட்டு பாங்க் குமாஸ்தா ஒருவர் தற்செயலாகவே கேஸ்களைக் கண்டுபிடித்துப் பேர் வாங்குவார், ரத்தமே கிடையாது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

எங்கள் அறையில் சாம்புவைத்தான் அடுத்து எடுக்கிறோம். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைப் போன வாரம் அண்ணன் மகன் முடித்தான். என் புத்தகத்திலிருந்து கடைசி அத்தியாயத்தைப் பார்த்து, கோடு போட்ட தாளில், தன் கையெழுத்தில் தமிழில் எழுதினான். பதினோரு ராத்திரி ஆனது. தாளை அம்மாவின் பைண்டிங் அளவுக்கு வெட்டி, சிவாஜிநகரில் ஒரு பைண்டரிடம் கொடுத்துப் பின்னால் சேர்த்துத் தைத்து வாங்கி வந்தோம். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவன்தான் படித்துக் காட்டினான். 'ற'வில் இரண்டு இடத்தில் திக்கினான். அம்மா திருத்தினாள்.